ரயில் சத்தம் கேட்கிறது, ஏறத்தான் வழியில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குழுவில் ஒரு தம்பி இங்கிலாந்தில் தான் வாங்கப்போகும் வீட்டின் படம் போட்டிருந்தான். ஊருக்கு வெளியே, வயலை ஒட்டிப் புத்தம் புதுக் குடியிருப்பு. "டீச்சர், பிளானிங்னா இதுதான்!" என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாகக் கைதட்டல். நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அப்படி ஒரு வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தவள் நான். என் மகன் ஸ்விண்டன் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் வீடு வாங்கியிருக்கிறான். வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பால் வாங்கக் கார் வேண்டும். ஊருக்குள் போக ஏ419 என்கிற நான்குவழிச் சாலையைத் தாண்ட வேண்டும். பஸ் உண்டு, இருட்டினால் குறைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை அதைவிட மோசம். மருமகள் நர்ஸ், ஷிப்ட் வேலை. மகனுக்கு வேலை வேறு திசையில். ஆக இரண்டு கார், இரண்டு கார்க் கடன், வீட்டுக்கடன் தனி. பேரனுக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு நாள் இரண்டு காரும் வெளியே. நானும் பிள்ளையும் டாக்ஸிக்காக வாசலில் நாற்பது நிமிடம் நின்றோம். அப்போது தூரத்தில் லண்டன் ரயில் ஒன்று கடந்துபோனது. சத்தம் நன்றாகவே கேட்டது.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் ஸ்விண்டன் ரயிலால் வளர்ந்த ஊர். லண்டன்–பிரிஸ்டல் பாதை முழுவதும் திறந்தது 1841இல். 1843இல் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் ஒர்க்‌ஷாப் அங்கே வேலையைத் தொடங்கியது. தண்டவாளத்துக்கு மறுபுறமே தொழிலாளர்களுக்குச் சுமார் 300 கல்வீடுகள். தெருக்களுக்கு லண்டன், ரீடிங், பாத், பிரிஸ்டல், எக்ஸிடர் என்று அந்தக் கம்பெனியின் ரயில் போகும் ஊர்களின் பெயர்கள். பக்கத்திலேயே சர்ச், பூங்கா. 1847இல் சம்பளத்தில் பிடித்தம் செய்து ஒரு மருத்துவ நிதி. எல்லாம் நடக்கும் தூரம். அந்தத் தெருக்கள் இன்றும் இருக்கின்றன.

என் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். சங்கு ஊதினால் அப்பா சைக்கிளை எடுப்பார். ஸ்விண்டனிலும் 1986இல் ஒர்க்‌ஷாப்பை மூடும்வரை சங்கு ஊதியிருக்கிறது. அந்தத் தெருக்களில் நடந்தபோது எனக்கு வேற்று நாடு என்றே தோன்றவில்லை.

தர்மத்துக்குக் கட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் தன் செலவில் வீடுகளைக் கட்டினார். பதிலுக்கு வாடகையும் ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடையும் அவருக்கு. ரயில்கள் அங்கே பத்து நிமிடம் நின்றாக வேண்டும் என்று நிபந்தனை வேறு! (கெட்டிக்காரர்தான்.) வீடுகளில் நெரிசலும் நோயும் இருந்தன. இருந்தும் முதலில் ரயில், அதையொட்டி வீடு என்ற வரிசை தப்பவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? ஹைவொர்த் கிளைப்பாதையில் பயணிகள் ரயில் 1953இல் நின்றது. ஓல்ட் டவுன் பகுதியின் ஸ்டேஷன் 1961இல் போயிற்று. கிழக்குப் பக்கம் ஸ்ட்ராட்டன் பார்க் என்று ஒரு சிறு நிறுத்தம் இருந்தது, அதையும் 1964இல் மூடினார்கள். என் மகன் வீடு இருக்கும் பக்கம் அது! எல்லாப் பழியையும் 1963இல் அறிக்கை கொடுத்த பீச்சிங் தலையில் போடுவது அங்கே வழக்கம். முதல் இரண்டும் அவருக்கு முன்பே மூடியவை. அவரை நியமித்த போக்குவரத்து அமைச்சர் மார்ப்பிள்ஸ், சாலை போடும் கம்பெனி ஒன்றைக் கூட்டாகத் தொடங்கியவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். 1971இல் எம்4 அதிவேகச் சாலை. 1972இல் ஒரு பெரிய ரவுண்டானாவைச் சுற்றி ஐந்து சின்ன ரவுண்டானாக்கள். அதற்கு 'மேஜிக்' என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டுதான் அதைக் கடந்தேன்.

இன்று இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழும் அந்த ஊருக்கு அன்றாட ரயில் நிற்கும் ஸ்டேஷன் ஒன்றே ஒன்று. கிழக்கு ஓரத்தில் மட்டும் சுமார் 8,000 வீடுகளுக்குத் திட்டம். லண்டன் ஒரு மணி நேரம் என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மைதான், ஸ்டேஷனிலிருந்து. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

"இளைஞர்களுக்கு வீடு வேண்டாமா டீச்சர்?" என்பீர்கள். வேண்டும். தன் ஜன்னலிலிருந்து வயல் தெரிய வேண்டும் என்பதற்காகப் புது வீடே கூடாது என்கிற பெரியவர்கள் அங்கே நிறைய. அவர்கள் கட்சி அல்ல நான். 8,000 என்ன, 16,000 கட்டட்டும். ஆனால் சாலையையும் ரவுண்டானாவையும் முதலில் போட்டு, வீட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் பின்னால் வரும் என்று சொல்வதற்குப் பெயர் திட்டமிடல் அல்ல. புல் வெட்டுவதற்குக்கூட, கவுன்சில் வரிக்கு மேல், வருடாந்தரக் கட்டணம் என் மகனிடம் வாங்குகிறார்கள். ஸ்டேஷன் வருமா என்று விற்பனை அலுவலகத்தில் நான் கேட்டபோது அந்தப் பெண் சிரித்தாள். பாவம், அவளும் காரில்தான் வேலைக்கு வருகிறாள்.

தம்பி, உனக்கு ஒரு வீட்டுப்பாடம். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் சாவியை உன் மனைவியிடம் கொடுத்துவிடு. அந்தப் புது வீட்டு வாசலிலிருந்து நடந்தே போய் ஒரு பாட்டில் பால் வாங்கி வா. எத்தனை நிமிடம் ஆயிற்று, எத்தனை சாலை தாண்டினாய், வழியில் நடைபாதை இருந்ததா என்று இந்தப் பதிவின் கீழேயே எழுது. திருத்தி மதிப்பெண் போடுகிறேன்.