மின்னிசையும் கலைத்திறமும்

இசை என்பது விரலாலும் மூச்சாலும் மிடற்றாலும் பிறப்பது. மின்பொறியினின்று பிறப்பது இசையாகாது என்பார் நம்மிடையே பலர் உளர். மேனாட்டில் தோன்றி உலகெங்கும் பரவியுள்ள மின்னணு வெகுஜன இசையைக் கேட்டதும், "பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும், இதற்குப் பயிற்சி ஏன்? கற்பனை எங்கே?" என வினவுவர். இக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்வோம்.

முதற்கண், பொறி இசைக்குப் புதிதன்று. தேவாலயங்களில் முழங்கும் ஆர்கனுக்குக் காற்றூட்டுவது துருத்தியே. வாசிப்போன் மூச்சு ஒரு குழலிலும் புகுவதில்லை. ஆயினும், அதனைக் கையாண்ட ஜெர்மானியராகிய பாக் என்பாரை இசைவாணர் அல்லர் எனக் கூறத் துணிவார் யார்?

இனி, மின்னிசை தோன்றிய வகையை நோக்குவோம். 1963-ஆம் ஆண்டில் இலண்டன் பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் தொடரின் முகப்பிசையை இயற்றியவர் ரான் கிரேனர். அதற்கு ஒலியுருவம் கொடுத்தவர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்ற டெலியா டெர்பிஷயர் அம்மையார். மின்கருவிகள் எழுப்பிய ஓசையையும் ஒற்றைத் தந்தியை மீட்டிய ஒலியையும் நாடாவிற் பதித்து, அதன் வேகத்தை மாற்றிச் சுரந்தோறும் தனித்தனியே அமைத்து, நாடாத் துண்டுகளை அளந்து வெட்டி ஒட்டி அதனை நிறைவேற்றினார். கிரேனர் தம் ஊதியத்தில் ஒரு பங்கை அவருக்கு அளிக்க விரும்பியும் நிறுவனத்தின் விதி இடந்தரவில்லை. அம்மையார் 2001-இல் மறைந்தார். அத்தொடரின் திரையில் அவர் பெயர் தோன்றியதோ 2013-இல்தான். "பொறி இசைத்தது" என நாம் சொல்லுந்தோறும் இத்தகையோர் உழைப்பையே மறைக்கின்றோம்.

வெகுஜன இசையிலும் நிலை இதுவே. கிராஃப்ட்வெர்க் குழுவைத் தொடங்கிய ஹூட்டரும் ஷ்னைடரும் டூசல்டார்ப் நகரில் இசை பயின்றோர். ஷ்னைடர் குழல் வாசித்தவர். வாசிக்க அறியாமையால் அவர்கள் பொறியை நாடினாரல்லர். நெடுஞ்சாலையில் மோட்டார் வண்டி விரையும் அனுபவத்தை ஒலியாற் சித்திரிக்க விழைந்தே, 1974-இல் 'ஆட்டோபான்' என்னும் படைப்பைத் தந்தனர்.

1982-இல் பிரிட்டானிய இசைவாணர் சங்கத்தின் இலண்டன் கிளையொன்று இப்பொறிகளைத் தடுக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. வயிற்றுப்பாட்டைக் குறித்த அவ்வச்சம் எள்ளற்குரியதன்று. ஆயின், பிழைப்பைப் பற்றிய வினா வேறு. கலையைப் பற்றிய வினா வேறு.

இக்காலத்தில் கணிப்பொறியில் ஆயத்தமாக உள்ள ஒலித்துண்டுகளைக் கோத்துப் பாட்டெனக் காட்டுவாரும் உளரே எனின், உண்மையே. நிகண்டில் சொற்கள் நிறைந்துள்ளன; அதனைக் கையில் வைத்திருப்பார் யாவரும் புலவராகார். அதன்பொருட்டு நிகண்டைப் பழிப்பாரும் இலர். பொறி விரலின் உழைப்பைக் குறைக்கலாம். எவ்வொலியைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, எங்கே நிறுத்துவது எனத் தெரியும் செவியை அது தருவதில்லை. அச்செவி உடையானே இசைவாணன். ஆதலின், கருவியைக் கண்டு தீர்ப்புக் கூறாது, பாட்டைக் கேட்டுத் தீர்ப்புக் கூறுதலே கற்றார்க்கு அழகு.