பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், ஆண்டாள் கோயிலின் அதிகாலை வழிபாட்டைக் காண விரும்பி, நண்பர்கள் எட்டுப் பேர் திருவில்லிபுத்தூர் சென்றோம். தங்க அறை கிடைக்காமையால் வந்த வேனிலேயே உறங்கினோம். கொசுவுக்கு அஞ்சிக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டிருந்தோம். விழித்தபோது கண்ணாடியின் உட்புறம் நீர் வழிந்துகொண்டிருந்தது. சன்னலோரம் வைத்திருந்த கவிதைத் தொகுப்பொன்று நனைந்து ஊறியிருந்தது. மழை பெய்ததோ என்று கதவைத் திறந்தால் தரை காய்ந்து கிடந்தது. அத்தனையும் எங்கள் மூச்சு.

வண்டியையே வீடாகக் கொண்டு வாழும் மேலைநாட்டாருக்கு இது அன்றாடச் சிக்கல். உறங்கும் ஒருவர் ஓரிரவில் மூச்சாலும் தோலாலும் ஒரு டம்ளருக்குக் குறையாத நீரைக் காற்றில் சேர்க்கிறார். வெதுவெதுப்பான காற்று அந்நீரைத் தாங்கும். குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் உதிர்த்துவிடும். ஆகவே அவர்கள் குளிர்காலத்திலும் கூரைத் திறப்பைச் சிறிதேனும் திறந்து வைக்கிறார்கள்.

இதை இங்கு எழுதக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நம் புத்தகங்கள் பூசணம் பிடித்தால் மழையைப் பழிக்கிறோம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூரை ஒரு சொட்டும் ஒழுகியதில்லை. ஆயினும் சிற்றிதழ்த் தொகுதிகள் வைத்திருந்த இரும்பு பீரோவின் பின்வரிசை முழுவதும் ஒட்டிக் கட்டியாகிப் போயிற்று. முன்வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. மழையில் நனைந்து குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டி பீரோ நின்றது. இடையில் காற்று அசையவில்லை. இட்லிக் கொப்பரையின் ஆவி, அறைக்குள் கொடி கட்டி உலர்த்திய துணிகளின் ஈரம், எங்கள் மூச்சு எல்லாம் அங்கே போய் அடைந்தன. குற்றவாளி நாங்களேதான்.

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகளில் ஓட்டிடுக்கு வழியே காற்று போய்வந்தது. (அந்த வீடுகளுக்காகக் கண்ணீர் விடுவதில் எமக்கு உடன்பாடில்லை, அங்கே கரையான் தின்ற ஏடுகளுக்குக் கணக்கேது?) இன்று சிமெண்டுச் சுவரில் பட்டி பார்த்து, அலுமினியச் சன்னலை இறுக மூடி வாழ்கிறோம். ஒருவகையில் நாமும் வேனில்தான் உறங்குகிறோம்.

இவ்வூருக்கு ஈரம் புதிய செய்தியன்று. 1936இல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து, நூற்பாலைகள் ஈரத்தை அளந்து வாழ்ந்த ஊர் இது. காற்று வறண்டால் இழை அறும். எனவே அங்கே காற்றுக்கு ஈரம் ஊட்டுகிறார்கள். பருத்தியைப் போலவே தாளும் தாவர நார்தான். ஆனால் ஒப்பு ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாள் நின்றால் தாளில் பூசணம் முளைக்கத் தொடங்கும். ஆலையில் அதற்கென்று ஆள் இருக்கிறார். நம் வீட்டில் அந்துருண்டை இருக்கிறது! அந்துருண்டையும் வேப்பிலையும் பூச்சிக்கானவை. ஈரத்தை அவை ஒன்றும் செய்யா.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வைக்க வேண்டும். இயன்றால் உட்சுவர்ப் பக்கம். சமைக்கும்போது அடுப்படிச் சன்னல் திறந்திருக்கட்டும். மழை பெய்கையில் புத்தக அறையைத் திறப்பது வீண். வெயில் வந்த நண்பகலில் சன்னலையும் பீரோவையும் திறந்து மின்விசிறியைச் சுழலவிடலாம். பூசணம் கண்ட நூலை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. நிழலில் உலர்த்தி, மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் வீட்டில் சேர்த்துக் காத்தவைதாம் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. இன்றும் எத்தனையோ சிற்றிதழ்களின் எஞ்சிய படிகள் ஏதோ ஓர் ஆசிரியர் வீட்டு பீரோவில்தான் இருக்கக்கூடும். அச்சுவருக்கு அப்பால் மழை பெய்துகொண்டிருக்கும்.

ஒட்டிப்போன தொகுதிகளை நாங்கள் இன்னும் எறியவில்லை. முதுகில் இதழ்ப் பெயரும் ஆண்டும் தெளிவாகவே தெரிகின்றன. பிரித்தால் பக்கம் பக்கமாகக் கிழிகிறது.