பழைய விண்வெளி விளையாட்டுக்கு ஒரு மாநாடு: ஆள் சேருமா?

சுங்கை பூலோ – இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு கணினி விளையாட்டு. அதை ஆடியவர்களுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவர்களை ஒரே மண்டபத்தில் கூட்டி மாநாடு நடத்த முடியுமா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், தோட்ட ஒன்றுகூடலோ முன்னாள் மாணவர் விருந்தோ ஏற்பாடு செய்த எவருக்கும் இந்தக் கணக்கு பழக்கமானதுதான்.

முதலில் வெற்றி பெற்ற ஒன்றைப் பார்ப்போம். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்டது. மறு ஆண்டே தலைநகர் ரேக்யவிக்கில் 'ஃபேன்ஃபெஸ்ட்' என்ற இரசிகர் விழாவைத் தொடங்கியது. 2020இல் கோவிட் காரணமாக ரத்தான விழா, 2022இல் மீண்டும் நடந்தது. 2023இல் விளையாட்டின் 20ஆம் ஆண்டையும் அங்கேயே கொண்டாடினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது விகிதம். 2013இல் கட்டணம் செலுத்தி ஆடியவர்கள் 5 லட்சத்தைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது. விழாவுக்கு நேரில் சென்றவர்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. விமானச் செலவு, விடுமுறை, குடும்பம் எனப் பல தடைகளைத் தாண்டி வருவோர் எப்போதும் சிறு பகுதியினரே. மேலும், அந்த விழாவின் பின்னால் விளையாட்டை நடத்தும் நிறுவனமே நிற்கிறது. விழாச் செலவை அது விளம்பரச் செலவாகவும் பார்க்க முடியும்.

இதே கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, மலேசியாவில் அப்படியொரு விளையாட்டை 3,000 பேர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் வந்தால் 30 பேர். தலைக்கு 100 வெள்ளி கொடுத்தாலும் 3,000 வெள்ளிதான் சேரும். அந்தப் பணத்தில் உணவகத்தின் மாடியில் ஒரு நாள் சந்திப்பு நடத்தலாம். மாநாட்டு மையத்தை எட்டிப் பார்க்க முடியாது.

பெரிய நிறுவனம் முன்வந்தாலும் விழா நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 1984இல் வெளிவந்த 'எலைட்' விளையாட்டின் வாரிசாக, 2014 டிசம்பரில் 'எலைட் டேஞ்சரஸ்' வந்தது. அதன் நிறுவனமான ஃபிரண்டியர் 2017இல் லண்டனில் பெரிய கண்காட்சி நடத்தியது. அது ஆண்டு விழாவாக நிலைக்கவில்லை. ஆனால் இரசிகர்களே நடத்தும் 'லேவ்கான்' என்ற சிறிய சந்திப்பு, இங்கிலாந்தில் ஒரு தங்கும் விடுதி அளவிலேயே பல ஆண்டுகள் நடந்தது. பழைய விளையாட்டில் பயணம் தொடங்கும் கிரகத்தின் பெயர்தான் லேவ். அந்தப் பெயரைக் கேட்டதும் மனம் நெகிழ்பவர்களே அங்கே போனார்கள்.

நம் நாட்டில் வேறொரு வழியும் இருக்கிறது. 2002இல் இரசிகர்களின் முயற்சியாகத் தொடங்கிய 'காமிக் ஃபியஸ்டா' இன்று கேஎல்சிசி மாநாட்டு மையத்தை நிரப்புகிறது. அது எந்த ஒரு கதையையோ விளையாட்டையோ மட்டும் நம்பி நிற்கவில்லை. சித்திரக் கதை, அனிமே, கணினி விளையாட்டு, வேடமணிதல் என எல்லாருக்கும் அங்கே இடமுண்டு. ஓவியர்கள் மேசை போட்டுத் தங்கள் படைப்புகளை விற்கிறார்கள். இத்தகைய பெரிய கூட்டத்துக்குள் ஒரு மூலை கிடைத்தாலே சிறிய இரசிகர் குழுவுக்குப் போதும். போக்குவரத்தும் தடையில்லை. 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடம் முழுமையாகத் திறக்கப்பட்ட பின், சுங்கை பூலோவில் ஏறினால் மாறாமலேயே பெர்சியாரான் கேஎல்சிசி நிலையத்தில் இறங்கலாம்.

வயது மற்றொரு சிக்கல். 2003இல் 25 வயதில் ஆடத் தொடங்கியவர் இன்று ஐம்பதை நெருங்குகிறார். கையில் பணம் இருக்கும், நேரம் இருக்காது. பள்ளி விடுமுறையை ஒட்டித் தேதி வைத்து, ஆறு மாதத்துக்கு முன்பே சொன்னால்தான் வருவார். பிள்ளைகளையும் அழைத்து வரும்படி நிகழ்ச்சி அமைந்தால், அடுத்த தலைமுறைக்கும் அங்கே ஒரு நாற்காலி கிடைக்கும்.

இங்கேதான் இது நம் கதையாகிறது. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் 2,300 ஏக்கருக்கு மேல் இன்று குவாசா டாமன்சாராவாக மாறிக்கொண்டிருக்கிறது. நாடெங்கும் தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. தோட்டம் போன பிறகும் தோட்டத்து மக்கள் ஆண்டுக்கொரு முறை கூடுகிறார்கள். லயத்து வீடு, பால்மரம், கோயில் திருவிழா என்று அவர்கள் பேசுவது, அங்கே பிறக்காத பிள்ளைகளுக்கு வேறு கிரகத்துச் செய்திதான். பத்து ஆண்டுகளில் அந்த ஒன்றுகூடல்களை யார் நடத்துவார்கள்?

விளையாட்டு இரசிகர்களின் அனுபவம் இதற்கு ஓரளவு வழி சொல்கிறது. ஈவ் ஆன்லைனின் பெரும்பாலான வீரர்கள் ஒரே உலகில் ஆடுகிறார்கள். 2014 ஜனவரியில் நடந்த ஒரே போரில் 7,500க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். சேர்ந்து செய்த காரியம் இருந்ததால் சந்திக்கவும் ஆசை வந்தது. நம் ஒன்றுகூடல்களிலும் பிள்ளைகளுக்குச் செய்ய ஏதாவது வேலை வேண்டும். பழைய படங்களை மின்னியலாக்குவது, தாத்தா பாட்டியின் பேச்சைப் பதிவு செய்வது, தோட்டத்து வரைபடத்தை மீண்டும் வரைவது போன்றவற்றை அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

ஆகவே, பழைய விண்வெளி விளையாட்டுக்கு மலேசியாவில் தனி மாநாடு என்பது இப்போதைக்குக் கடினம். முப்பது பேரின் விருந்து, பெரிய விழாவில் ஒரு மேசை என்றால் முடியும். தோட்ட ஒன்றுகூடலோ இன்னும் நூற்றுக்கணக்கானோரைக் கூட்டும் நிலையில் இருக்கிறது. ஏற்பாட்டுக் குழுவில் இந்த ஆண்டே இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது.