கூலியை மறந்த விலை

ஆம்பூர் பக்கத்தில் ஒரு சேரி. கணவனும் மனைவியும் வீட்டுத் திண்ணையில் தோல் செருப்பு தைக்கிறார்கள். மனைவி இருபது வருடம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர். கணவர் கட்டையில் ஏற்றி அடிக்கும் வேலையில் இருந்தவர். ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது இருவருக்கும் சேர்ந்தே வேலை போனது. கல்லூரியில் படிக்கும் மகள் கைப்பேசியில் படம் எடுத்து, இணைய விற்பனைத் தளம் ஒன்றில் கடை திறந்து கொடுத்தாள். எட்டு மாதத்தில் ஆயிரம் ஜோடி போயிருக்கிறது. நல்ல சேதி என்று பார்க்கப் போன நம்மிடம் அந்த அம்மா சொன்னது இதுதான்: "வேலை ஓயவே இல்லைங்க. ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது."

கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தோம். தோல், லைனிங், சோல், சொல்யூஷன், நூல், பக்கிள் எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 240 ரூபாய். பெட்டியும் கவரும் 25. ஆக 265. தளத்தில் போட்ட விலை 499. அதில் தளத்தின் கமிஷன் 15 சதவீதம், அதாவது 75 ரூபாய். அனுப்பும் செலவு 65. ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான கட்டணம் 20. இந்த 160 ரூபாய்க்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 29. எல்லாம் போகக் கைக்கு வருவது 310. பொருள் செலவைக் கழித்தால் 45 ரூபாய் மிச்சம். இந்த விகிதங்கள் தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் மாறும். ஆனால் கணக்கின் போக்கு எங்கும் இதுதான்.

அந்த 45-ம் முழுதாக நிற்பதில்லை. நூறு ஜோடி அனுப்பினால் பதினைந்து திரும்பி வருகிறது. அளவு சரியில்லை என்கிறார்கள், நிறம் வேறு என்கிறார்கள். போக வர ஆகும் செலவு, போட்டுப் பார்த்து மடிப்பு விழுந்து வந்த செருப்பின் நட்டம் இரண்டையும் விற்ற ஜோடிகளின் மேல் பிரித்தால் தலைக்கு 26 ரூபாய். மின்சாரம், மெஷின் தேய்மானம், கைப்பேசிச் செலவு 15 ரூபாய். கடைசியில் நின்றது ஜோடிக்கு நான்கு ரூபாய். ஆயிரம் ஜோடிக்கு நாலாயிரம். எட்டு மாதம், இரண்டு பேர் உழைப்பு.

நோட்டில் நூலுக்குக் கூட ஒரு வரி இருந்தது. கூலிக்கு வரி இல்லை. "நாமளே தானே செய்யறோம், அதுக்கு எதுக்குக் கூலி?" என்றார் அந்த அம்மா. இருவரும் சேர்ந்து நாளைக்கு ஆறு ஜோடி தைக்கிறார்கள். ஆளுக்கு 500 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் ஜோடிக்கு 167 ரூபாய் கூலி வருகிறது. அந்த 167 ரூபாயை ஒவ்வொரு ஜோடியோடும் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இது ஒரு குடும்பத்தின் கவனக்குறைவு என்று நாம் நினைக்கவில்லை. கூடை முடைகிறவர்கள், பாய் நெய்கிறவர்கள், ஊறுகாய் போட்டு விற்கும் நம் மகளிர் குழுக்கள் என்று யாரைக் கேட்டாலும் பொருள் செலவைச் சொல்கிறார்கள், கூலியைச் சொல்வதில்லை. மற்ற சாதிச் சிறு வியாபாரியும் இந்தத் தவறைச் செய்வது உண்டு. ஆனால் நம்மிடம் இது தவறு என்பதைவிடப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். செருப்புத் தைத்துக் கொடுத்தால் அறுவடைக் களத்தில் அளந்து போட்டது எவ்வளவோ அதுதான் கூலி. சாவுக்குப் பறை அடித்தாலும், சேதி சொல்ல நாலு ஊர் நடந்தாலும் என்ன தருவது என்பதை ஊர் தீர்மானித்தது. வெட்டிவேலைக்கு அதுவும் இல்லை. பிறகு தோல் பதனிடும் தொழில் வந்தது. அங்கே பீஸ் ரேட்டை முதலாளியும் மேஸ்திரியும் எழுதினார்கள். நம் கையில் பேனாவைக் கொடுத்து, உன் பொருளுக்கு நீயே விலை எழுது என்று சொன்ன இடமே நம் முன்னோருக்குக் கிடைத்ததில்லை. இன்று ஒரு திரையில் அந்தக் கட்டம் காலியாக நிற்கிறது. கை நடுங்குகிறது. பக்கத்துக் கடைக்காரன் என்ன போட்டிருக்கிறான் என்று பார்த்து, அதற்குப் பத்து ரூபாய் குறைத்துப் போடுகிறோம்.

திரைக்குப் பின்னால் இருப்பவரின் சாதி வாங்குகிறவருக்குத் தெரியாது என்பது இந்த வியாபாரத்தின் பெரிய வசதி. அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் யார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தொழில் மூடப்பட்டது. அந்த நிலை நம் பிள்ளைகளுக்கு இல்லை என்று முழுதாகச் சொல்லிவிடவும் முடியாது. பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் தளத்தில் இருக்க வேண்டும். முகவரியில் 'காலனி' என்று இருந்தால் நம் நாட்டில் அதைப் படிக்கத் தெரியாதவர் யார்? அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் பகுதியில் எத்தனை பெயர்ப் பலகைகள் மாறியிருக்கின்றன என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். இருந்தும் தெருவில் கடை போடுவதைவிடத் திரையில் போடுவது நமக்கு நல்லது. அதனால்தான் அங்கே நட்டத்துக்கு விற்றுச் சோர்ந்து திரும்பக் கூடாது என்கிறோம்.

கமிஷன் கணக்கில் பெரும்பாலோர் இடறுகிறார்கள். கமிஷன் எடுப்பது விற்கும் விலையில், நம் செலவில் அல்ல. கையில் 100 ரூபாய் நிற்க வேண்டும், கமிஷன் 20 சதவீதம் என்றால் 120 என்று போட்டுவிடுகிறோம். 120-இல் 20 சதவீதம் 24. கையில் நிற்பது 96. நூறை 0.80-ஆல் வகுக்க வேண்டும். 125 என்று வரும். நாலு ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். அந்தத் திண்ணையில் எட்டு மாதம் நின்றதும் ஜோடிக்கு அந்த நாலு ரூபாய்தான்.

பெட்டியையும் பார்க்க வேண்டும். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாக வைப்பது பரவலான வழக்கம். எது அதிகமோ அதற்குத்தான் காசு. 32-க்கு 22-க்கு 12 அளவுள்ள ஷூ பெட்டி 1.69 கிலோ என்று கணக்காகும். உள்ளே இருக்கும் செருப்பு அரைக் கிலோதான் இருக்கும். அதே செருப்பை 30-க்கு 20-க்கு 8 அளவில் படுக்க வைத்துக் கட்டினால் 0.96 கிலோ. கம்பெனிப் பெட்டி மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை நமக்கு இருக்கிறது. அந்த ஆசைக்கும் விலை உண்டு.

வரியில் ஒரு சேதி நம் பகுதிக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. இணையத்தில் பொருள் விற்க எவ்வளவு சிறிய வியாபாரியும் ஜி.எஸ்.டி. பதிவு செய்தே ஆக வேண்டும் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்து, மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்குப் பதிவு கட்டாயமில்லை. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். ஆனால் ஆம்பூர்க்காரருக்குப் பெங்களூரு கூப்பிடு தூரம். அங்கே ஒரு ஜோடி அனுப்ப வேண்டுமென்றால் பதிவு வேண்டும். பதிவில்லாதவர் கட்டணங்கள் மீதான 18 சதவீதத்தைத் திரும்பப் பெறவும் முடியாது, அது செலவுதான். பதிவு செய்தவர் அதை வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் செருப்பு மீதான வரியையும் விலைக்குள் அடக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஜோடிக்கு அது 5 சதவீதம்.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். பொருள் 265, கூலி 167, திரும்பி வருவதற்கு 26, இதரம் 15, லாபம் ஒரு நாற்பது. அந்தத் தளத்தின் கட்டணங்களோடு விலை 749 என்று வந்தது.

"இந்த விலைக்கு யார் வாங்குவாங்க?" என்றார் கணவர். நியாயமான கேள்வி. ரெக்சின் செருப்பு 299-க்குக் கிடைக்கிறது. அந்த வரிசையில் போய் நின்றால் நாம் தோற்பது உறுதி. இது அசல் தோல், கையால் தைத்தது என்பதைப் படத்திலும் எழுத்திலும் காட்ட வேண்டும். பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து சென்டிமீட்டரில் அளக்கச் சொல்லும் ஒரு படம் போட்டால் திரும்பி வருவதே பாதி குறையும். பண்டிகைத் தள்ளுபடியில் சேரச் சொல்லித் தளம் கேட்கும். அந்தத் தள்ளுபடி யார் பையிலிருந்து போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். அப்படியும் 749-க்குப் போகவில்லையென்றால் அந்தப் பொருளுக்கு அந்தக் கடை இடமில்லை. வேறு பொருள் தைக்கலாம், பத்துக் குடும்பம் சேர்ந்து தோலை மொத்தமாக வாங்கலாம், கண்காட்சியில் நேரே விற்கலாம். 499-க்கு விற்பது மட்டும் வழியல்ல.

அரசிடமும் கேட்க ஒன்று உண்டு. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறார்கள். வரவேற்கிறோம். அதற்கான திட்ட அறிக்கையை ஆடிட்டர் எழுதித் தருகிறார். அதில் ஆள் கூலி என்று அழகாக ஒரு வரி இருக்கிறது. மெஷின் வந்து இறங்கியதும் அந்த வரி காணாமல் போகிறது, ஏனென்றால் அதை எழுதியவர் நாமல்ல. மாவட்டத் தொழில் மையமும் தாட்கோவும் வாரம் ஒரு மாலை, வேலை முடியும் நேரத்தில், நம் குடியிருப்புக்கே ஆள் அனுப்பி விலை போடச் சொல்லித் தரட்டும். ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் காலை பத்து மணிக்கு நடத்தும் பயிற்சிக்கு அன்றைய வேலையை விட்டுவிட்டு வர நம்மவரால் ஆகாது.

மகள் விலையை 749 என்று மாற்றிவிட்டாள். அம்மாவுக்கு மனமே இல்லை. முன்பு வாரம் முப்பது ஜோடி வரை போனது, புது விலையில் முதல் வாரம் ஐந்துதான். மறுபடி குறைத்துவிடலாமா என்று தொலைபேசியில் நம்மைக் கேட்டார்கள். நோட்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் எழுதச் சொன்னோம். முப்பது ஜோடியில் நின்றது 120 ரூபாய். ஐந்து ஜோடியில் கூலியும் லாபமும் சேர்த்து 1,050.