பிரிவைத் தெரிவதற்கு முன் தொழிலைப் பார்ப்போம்

"உயர்தரத்துக்கு என்ன செய்யப் போறீங்க, மகள்?"

சாதாரண தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த அன்றே இந்தக் கேள்வி எம்மைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் லிஃப்டில் சந்திக்கும் மாமியும் கேட்கிறார். நாமும் "பயோ", "மெத்ஸ்", "கொமர்ஸ்" என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பிரிவின் முடிவில் இருக்கின்ற தொழிலை நம்மில் எத்தனை பேர் ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம்?

எங்கள் ராத்தாமார் காலத்தில் பரீட்சை டிசம்பரில் நடந்தது. பெறுபேறு வந்து உயர்தர வகுப்புத் தொடங்குவதற்குள் சில மாதங்கள் கையில் இருந்தன. கொரோனாவுக்குப் பின் பரீட்சை மாதங்களே இடம் மாறிவிட்டன. நான் எழுதிய பரீட்சை 2024 மே மாதத்தில் முடிந்தது. ஜூன் ஆரம்பத்திலேயே உயர்தர வகுப்புகள் தொடங்கின. இடையில் மூன்று வாரங்கூட இல்லை. பெறுபேறு கைக்கு வருவதற்கு முன்னரே பிரிவைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. பதினாறு வயதில், மூன்று வாரத்தில், புள்ளியும் தெரியாமல், தொழிலும் தெரியாமல் எடுக்கப்படும் இந்த முடிவுதான் பலருடைய வாழ்க்கையின் திசையைத் தீர்மானிக்கிறது.

இதன் விலை என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். என் ராத்தா சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் 'ஏ' எடுத்தவர். அவ்வளவு நல்ல பெறுபேறு வந்தால் பயோதான் என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் சரியென்றார். பல்கலைக்கழக அனுமதிக்காக எழுதக்கூடிய மூன்று தடவையும் எழுதினார். மூன்றாம் முறை எழுதும்போதுதான், இரத்தத்தைப் பார்த்தாலே தனக்குத் தலை சுற்றும் என்று உம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னார். இப்போது அவர் கணக்கியல் படிக்கிறார், நன்றாகவும் படிக்கிறார். ஆனால் அந்த வருடங்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒரு விடுமுறையில் ஒரு கிழமை அவர் ஏதாவது ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் நின்றிருந்தால் அந்த உண்மை பதினாறு வயதிலேயே தெரிந்திருக்குமே என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அதனால் என் முறை வந்தபோது வாப்பாவிடம் ஒன்று கேட்டேன். உயர்தர வகுப்புத் தொடங்கும் வரை டியூஷனுக்குப் பதிலாக, கொட்டாஞ்சேனையில் மாமா வைத்திருக்கும் பாமஸியில் பத்து நாட்கள் நிற்கலாமா என்று. நானும் அப்போது பயோ எடுக்கத்தான் எண்ணியிருந்தேன். மாமாவின் கடை என்பதால் வாப்பா சம்மதித்தார்.

ஜம்பட்டா வீதிப் பக்கம் உள்ள சிறிய கடை அது. மருந்தைக் கையில் எடுத்துக் கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளரின் வேலை. அதை நான் தொடக்கூடாது என்று முதல் நாளே மாமா சொல்லிவிட்டார். பெட்டிகளை அடுக்குவது, காலாவதித் திகதி பார்ப்பது, பில் எழுதுவது இவைதான் என் பங்கு. மூன்றாம் நாளே எனக்கு ஒன்று விளங்கியது: மருந்துகளின் பெயர்களில் எனக்கு ஆசை வரவில்லை. மாமாவோ ஒவ்வொரு மருந்தும் உடம்பில் என்ன செய்யும் என்பதைக் கதைபோலச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன், ஆனால் என் கவனமெல்லாம் வாசலுக்கு வரும் மனிதர்கள் மேல்தான்.

ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் வந்தார். கையில் வேறெங்கோ வாங்கிய மருந்து உறை. "பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ" என்றார். உறையில் சிங்களத்தில் எழுதியிருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். காலையில் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் என்றிருந்தது. அவரோ இரண்டு கிழமையாகச் சாப்பிட்ட பிறகுதான் குடித்துவந்திருக்கிறார். மருந்தாளர் அதைப் பார்த்து அவருக்கு முறையாக விளக்கினார். நான் அதே உறையில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் அவர் இன்னொரு அயலவரையும் அழைத்து வந்தார், அவருடைய மருந்து உறைகளோடு.

தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அரச கரும மொழியானது என்று குடியியல் பாடத்தில் படித்திருக்கிறேன். அந்தச் சட்டத்துக்கும் அந்த அம்மாவின் மருந்து உறைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லித் தரவில்லை. அந்தத் தூரத்தைக் குறைப்பதும் ஒரு தொழில்தான் என்று எனக்குத் தோன்றியது அந்தக் கடையில்தான்.

மொழிபெயர்ப்பு படிக்கப் போகிறேன் என்றதும் வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்றார். பெற்றோரின் இந்தக் கேள்வியை நாம் கேலி செய்யக்கூடாது. அது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருக்கவில்லை. வாப்பாதான் என்னைப் புதுக்கடைக்கு அழைத்துப்போய், தனக்குத் தெரிந்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு நாட்கள் இருக்கச் செய்தார். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு என்று மேசை நிறைய வேலை. ஓர் எழுத்துப் பிழைத்தால் ஒருவருடைய விசாவே தவறிப்போகலாம் என்றார் அவர். வருமானம் சில மாதம் நன்றாக இருக்கும், சில மாதம் இருக்காது என்றும் மறைக்காமல் சொன்னார். யாழ்ப்பாணம், களனி போன்ற பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்பைப் பட்டப்படிப்பாகவே கற்கலாம் என்பதையும் அதன் பிறகுதான் தேடி அறிந்தேன். நான் கலைப் பிரிவில் சேர்ந்தேன். வாப்பாவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் தெரியாமல் எடுத்த முடிவு என்று அவரும் சொல்ல மாட்டார்.

வெளிநாடுகளில் இது தனியொரு குடும்பத்தின் முயற்சியாக விடப்படவில்லை. அயர்லாந்தில் நமது சாதாரண தரம் போன்ற பரீட்சைக்கும் உயர்தரம் போன்ற படிப்புக்கும் நடுவில் 'இடைநிலை ஆண்டு' என்று ஒன்று 1974 முதல் இருக்கிறது. பரீட்சைச் சுமை இல்லாத அந்த ஆண்டில் மாணவர்கள் வேலைத்தலங்களுக்குச் சென்று அனுபவம் பெறுகிறார்கள். ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல் எட்டாம் தர வயதுப் பிள்ளைகள் ஐந்து நாட்கள் வகுப்பறையை விட்டுக் கடைகள், பண்ணைகள், தீயணைப்பு நிலையங்கள் என்று போகிறார்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் பாடசாலை மாணவருக்கு உயர்கல்வி, தொழில் வழிகாட்டலை வழங்குகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கோடைகாலக் கற்கைநெறிகள் பற்றியும் கேள்விப்படுகிறோம். அவற்றுள் பலவற்றின் கட்டணம் நமது குடும்பங்களுக்கு எட்டாது. ஆனால் அவற்றின் சாரம் விலையுயர்ந்ததல்ல: பிள்ளையைச் சில நாட்கள் ஒரு துறையின் உள்ளே நிற்கவைப்பது.

பெற்றோர் சொல்லும் தடைகளை நான் அறிவேன். "இரண்டு கிழமை டியூஷன் தவறினால் மற்றப் பிள்ளைகள் முந்திவிடுவார்கள்" என்பது ஒன்று. இரண்டு கிழமைப் பாடத்தைப் பிறகு படித்துவிடலாம். தவறான பிரிவில் போன இரண்டு வருடத்தை அப்படி ஈடுசெய்ய முடியாது. "பெண் பிள்ளையைத் தெரியாத இடத்துக்கு எப்படி அனுப்புவது?" என்பது மற்றொன்று. இந்தக் கவலை உண்மையானது. என்னை மாமாவின் கடைக்கு அனுப்பியதும் அதனால்தான். ஆனால் மாமா, சாச்சாவிடம் கடையோ அலுவலகமோ இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? என் வகுப்புத் தோழி ஒருத்தி வீடு வரையும் கலையைப் படிக்க ஆசைப்பட்டாள். அவளுக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு கட்டடக் கலைஞர்கூட இல்லை. அந்த விடுமுறை முழுவதும் அவள் டியூஷனில்தான் இருந்தாள். இன்றுவரை அப்படியோர் அலுவலகத்தின் வாசலைக்கூட அவள் மிதிக்கவில்லை.

இங்கேதான் கல்லூரியால் உதவ முடியும். எமது பழைய மாணவியருள் வைத்தியர், சட்டத்தரணி, வங்கியாளர், ஆசிரியை, வடிவமைப்பாளர் எனப் பலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஐந்து நாட்களுக்கு இரண்டு மாணவியரைத் தம்மோடு வைத்துக்கொள்ள முன்வந்தால், பெற்றோரின் பயமும் பாதி குறையும், செலவும் பஸ் கட்டணத்தோடு முடியும். இன்னும் சில நாட்களை நகரத்தின் கல்வி நிலையங்களைப் பார்க்க ஒதுக்கலாம். 1893இல் ஆரம்பிக்கப்பட்ட மருதானைத் தொழினுட்பக் கல்லூரி நாம் தினமும் கடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு அப்பால் மட்டக்குளியில் சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொழும்பில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் அதன் பெயரையே கேட்டதில்லை. உயர்தரத்தில் 2013இல் அறிமுகமான தொழினுட்பப் பிரிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் அங்கே கேட்டறியலாம்.

தரம் 10 இலேயே இதைத் தொடங்குவது நல்லது. தரம் 11 இன் இறுதியில் அவகாசம் இல்லை என்பதை என் மூன்று வாரங்கள் காட்டிவிட்டன. சென்று வரும் ஒவ்வொரு மாணவியும் ஒரு பக்கம் எழுதட்டும்: அங்கு என்ன பார்த்தேன், எதில் மனம் ஒட்டியது, எதில் ஒட்டவில்லை. "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று எழுதுபவளையும் பாராட்ட வேண்டும். ராத்தாவுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு வரிதான்.

எங்கள் மீது கொண்ட அன்பினால்தான் பெற்றோர் எமக்காக முடிவெடுக்கிறார்கள். அந்த அன்போடு ஒரு விடுமுறையில் பத்து நாட்களையும் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள். பார்த்துவிட்டு வந்து, நீங்கள் விரும்பிய தொழிலையே நாங்களும் விரும்பலாம். இல்லையென்றால் ஏன் இல்லை என்று உங்களுக்கு விளக்கிச் சொல்லவாவது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த விடுமுறையிலும் சில நாட்கள் மாமாவின் கடைக்குப் போகிறேன். மருந்து அடுக்குவதற்கல்ல, வாசலில் ஒரு சிறிய மேசை போட்டு, உறைகளில் தமிழில் எழுதிக் கொடுப்பதற்கு.