முதலில் தேதி, பிறகு மதிப்பீடு!

மத்திய அரசு தொடங்கும் பெரிய மென்பொருள் திட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நகர்கிறது. திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கப்படும்போதே செலவுத் தொகையும் முடிவடையும் காலமும் அறிவிக்கப்படுகின்றன. குறித்த நாள் தள்ளிப்போகிறது. ஒருவழியாகத் தொடங்கப்பட்டதும் இணையதளம் திணறுகிறது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுகிறது. ஒப்பந்த நிறுவனத்துக்குக் கண்டனம் தெரிவிக்கப்படுகிறது. மக்களுக்குக் கால அவகாசம் நீட்டிக்கப்படுகிறது. தொடக்கத்தில் சொல்லப்பட்ட செலவும் காலமும் எந்த அடிப்படையில் கணிக்கப்பட்டன என்கிற கேள்வி மட்டும் எழுவது அரிது.

வருமான வரித் துறையின் இணையதளத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ரூ.4,242 கோடியில் புதிய ஒருங்கிணைந்த திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கணக்குகளைப் பரிசீலிக்கும் காலத்தை 63 நாள்களிலிருந்து ஒரே நாளாகக் குறைப்பது இலக்கு. 18 மாதங்களில் பணி முடியும், 3 மாத சோதனைக்குப் பிறகு பயன்பாட்டுக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. பொது முடக்கமும் குறுக்கிட, இன்போசிஸ் உருவாக்கிய தளம் 2021 ஜூன் 7-ஆம் தேதிதான் தொடங்கப்பட்டது. பழைய தளம் மூடப்பட்டுவிட்டது. புதிய தளமோ இயங்க மறுத்தது. சில படிவங்களைக் காகிதத்தில் சமர்ப்பிக்கத் துறையே அனுமதிக்க நேர்ந்தது. ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நேரில் வரவழைத்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், செப்டம்பர் 15-க்குள் குறைகளைக் களையுமாறு கெடு விதித்தார். கணக்கு தாக்கல் செய்வதற்கான அவகாசம் டிசம்பர் 31 வரை நீண்டது.

சரக்கு மற்றும் சேவை வரியின் கதை இதைவிடப் படிப்பினை மிக்கது. அதற்கான மென்பொருள் ஒப்பந்தம் 2015-இல் ரூ.1,380 கோடிக்கு வழங்கப்பட்டபோது, அந்த வரிக்கு வழிவகுக்கும் அரசியல் சாசனத் திருத்தமே நிறைவேறியிருக்கவில்லை. சட்ட மசோதாக்கள் 2017 ஏப்ரலில்தான் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றன. பெரும்பாலான பொருள்களுக்கான வரி விகிதங்கள் மே மாதம் ஸ்ரீநகர் கூட்டத்தில்தான் முடிவாகின. ஜூலை 1-இல் வரி அமலுக்கு வந்தது. என்ன கட்ட வேண்டும் என்பதே தெரியாத நிலையில் போடப்பட்ட கணக்கு எப்படிச் சரியாக இருக்க முடியும்?

விளைவை நாடே அனுபவித்தது. வணிகர்கள் தாக்கல் செய்ய வேண்டிய மூன்று படிவங்களில் இரண்டு 2017 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டன. இரண்டு மாதங்களுக்கு மட்டும் என்று தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட 3பி படிவம் இன்றளவும் தொடர்கிறது. 2018 பிப்ரவரி 1-இல் கட்டாயமாக்கப்பட்ட இ-வே பில் முறை, தளம் முடங்கியதால் அன்றே ஒத்திவைக்கப்பட்டு ஏப்ரலில்தான் மீண்டும் வந்தது. வரிச் சலுகையைத் தானாகச் சரிபார்க்கும் விலைப்பட்டியல் ஒப்பீட்டு முறை, இரண்டு ஆண்டுகள் கடந்த பின்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கை சுட்டிக்காட்டியது. இடையில் திரும்ப வர வேண்டிய வரித் தொகை கைக்கு வராமல் நடைமுறை மூலதனம் முடங்கித் தவித்தவர்களில் திருப்பூரின் சிறு ஏற்றுமதியாளர்களும் அடக்கம்.

இவற்றையெல்லாம் திறமைக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அதே வருமான வரித் தளத்தில் 2024 ஜூலை 31-க்குள் 7.28 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் தாக்கலாயின. உலகுக்கே மென்பொருள் எழுதித் தரும் நாட்டில் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பணியின் அளவை முன்கூட்டிக் கணிப்பதில்தான் குறை இருக்கிறது.

பாலம் கட்டுவதற்கு நீளம், தாங்க வேண்டிய எடை, சிமெண்ட், இரும்பு, கூலி என்று அளவுகோல்கள் உண்டு. பொதுப்பணித் துறையிடம் விலை விகிதப் பட்டியலும் உண்டு. மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத கட்டுமானம். ஆயினும் அதை அளக்க வழியே இல்லை என்பது உண்மையல்ல. எத்தனை படிவங்கள், எத்தனை கோப்புகள், எத்தனை வெளித் தளங்களுடன் இணைப்பு என்று எண்ணிப் பணியின் அளவைக் கணிக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆலன் ஆல்பிரெக்ட் 1979-லேயே வகுத்தார். தேவைகள் தெளிவாகாத தொடக்க நிலையில் கணிப்பு நான்கு மடங்கு வரை மேலும் கீழும் பிசகக்கூடும் என்று 1981-இல் எடுத்துரைத்தார் அமெரிக்க அறிஞர் பாரி போம். அதாவது, ரூ.100 கோடி என்று தோன்றும் பணி ரூ.25 கோடியிலும் முடியலாம், ரூ.400 கோடியையும் எட்டலாம். தேவைகள் முடிவாகி, வடிவமைப்பு உறுதியாக ஆகத்தான் இந்த இடைவெளி சுருங்கும்.

நேர்மையான மதிப்பீடு என்பது இன்ன தொகையிலிருந்து இன்ன தொகை வரை என்கிற வீச்சாகவே இருக்க முடியும். ஒவ்வொரு கட்டத்திலும் அது திருத்தப்படவும் வேண்டும். அரசு நிர்வாகமோ ஒற்றை எண்ணையும் ஒற்றைத் தேதியையும்தான் கேட்கிறது. பல நேரங்களில் தேதி அரசியல் தேவையால் முதலிலேயே முடிவாகிவிடுகிறது. அதற்கேற்ப மதிப்பீடு வளைக்கப்படுகிறது.

குறைந்த விலை கோருபவருக்கே பணி என்கிற விதி இந்த நோயை வளர்க்கிறது. உண்மையான செலவைக் கணித்துச் சொல்பவர் தோற்கிறார். குறைத்துச் சொல்பவர் வெல்கிறார். பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடுதல் தொகை கேட்கப்படுகிறது, அல்லது தரம் பலியாகிறது. 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் வெளியிட்ட கொள்முதல் நெறிமுறைகள், தகுதியுள்ள திட்டங்களில் தரத்துக்கு 30% வரை மதிப்பெண் அளிக்க இடம் தந்தன. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், கோரப்படும் விலை நம்பத்தகுந்ததா என்பதை உரசிப் பார்க்க அரசிடம் சொந்தக் கணக்கு இல்லாவிட்டால் அந்த 30% மட்டும் என்ன செய்துவிடும்?

தாமதமான பிறகு ஆள்களைக் குவிப்பதும் தீர்வாகாது. வருமான வரித் தளத்தைச் சரிசெய்ய 750-க்கும் மேற்பட்டோர் உழைப்பதாக 2021-இல் நிதியமைச்சரிடம் தெரிவிக்கப்பட்டது. பிந்திப்போன மென்பொருள் பணியில் புதிய ஆள்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எச்சரித்தார். புதியவர்களுக்குக் கற்றுத் தரும் நேரம் பழையவர்களின் வேலை நேரத்திலிருந்துதான் போகிறது.

நம்பிக்கையூட்டும் முன்னுதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 2008-இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட கடவுச்சீட்டு சேவைத் திட்டம், 2010-இல் பெங்களூரு, சண்டீகர் பகுதிகளில் மட்டும் முதலில் சோதிக்கப்பட்டது. சுயேச்சையான பரிசோதனைக்குப் பிறகே நாடெங்கும் விரிந்து, 2012-இல் 77 மையங்களை எட்டியது. அதுவும் தாமதமானதுதான். ஆனால், ஒரே நாளில் நாடு முழுவதையும் சோதனைக் களமாக்கவில்லை.

மதிப்பிடும் கலையைக் கற்க ஒரே வழி, சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். ரூ.150 கோடிக்கு மேற்பட்ட அடிப்படைக் கட்டமைப்புத் திட்டங்களில் எது எத்தனை மாதம் தாமதம், எவ்வளவு கூடுதல் செலவு என்று புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் கணக்கெடுத்து வெளியிடுகிறது. ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் இருக்கும் இந்தக் கண்காணிப்பு, கோடிக்கணக்கான குடிமக்கள் அன்றாடம் சார்ந்திருக்கும் மென்பொருள் திட்டங்களுக்கும் வேண்டாமா?

பிரிட்டன் கருவூலம், பழைய திட்டங்களின் அனுபவத்தை ஆராய்ந்து, மென்பொருள் உள்ளிட்ட திட்டங்களின் தொடக்க மதிப்பீட்டுடன் 200% வரை கூட்டிப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியது. அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவைக்காக 2002-இல் தொடங்கிய மாபெரும் கணினித் திட்டம் 2011-இல் கலைக்கப்பட்டது என்பதும் உண்மை. விதி மட்டும் காப்பாற்றாது. விதியை மதிக்கும் துணிவும் வேண்டும்.

பெரிய மென்பொருள் திட்டம் ஒவ்வொன்றுக்கும் முதல் மதிப்பீடு, அதன் அடிப்படை, ஒவ்வொரு கட்டத்திலும் செய்யப்பட்ட திருத்தம், இறுதிச் செலவு ஆகியவை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். சட்டமும் விதிகளும் முடிவாகும் முன் தொடக்க நாளை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். வரையறுக்கப்பட்ட பகுதியில் வெள்ளோட்டம் பார்க்காமல், பழைய தளத்தை மூட அனுமதிக்கக் கூடாது. அமைச்சர் கெடு விதித்தார் என்று கேட்டு உறுப்பினர்கள் மனநிறைவு அடைவதைவிட, முதல் கெடுவை விதித்தது யார், எந்தக் கணக்கின்படி என்று நிலைக்குழுவிலும் பொதுக் கணக்குக் குழுவிலும் துருவிக் கேட்பதே பயன் தரும்.

கணக்கு தவறுவது குற்றமல்ல. தவறிய கணக்கைப் பதிவு செய்யாமல் விட்டு, அடுத்த திட்டத்திலும் அதே தவறைப் புதிதாகச் செய்வதுதான் மன்னிக்க முடியாதது. அதற்கான விலை மக்களின் வரிப் பணம்!