காயம்பட்டவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்

பிரஸ்ஸில் விரல் போனவருக்கு மயக்கம் தெளியும்போது கட்டிலருகே எச்.ஆர். ஆள் ஒரு தாளோடு நிற்கிறார். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த பையனால் அதைப் படிக்கக்கூட முடியாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைத் தொழிலாளர்களிடையே வேலை செய்யும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்: அந்தத் தாள் செல்லாது, அதை நீட்டுவதே தவறு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சொல்லிவிட்டது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை மாற்றவில்லை.

அந்தத் தாளோடு கையில் திணிக்கும் பணத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கும் 20 வயதுத் தொழிலாளிக்கு ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத இழப்பு. சம்பளம் எவ்வளவானாலும் 15,000 ரூபாயே கணக்கில் வரும் என்பது 2020இல் வைத்த உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்குரிய காரணி 224ஆல் பெருக்கி, 14 சதவீதம் எடுத்தால் 2,82,240 ரூபாய். ஆயுள் முழுக்க விரலின்றி உழைக்கப்போகிறவருக்கு இதுவே குறைவு. உண்மையான சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று கோருகிறோம்.

இ.எஸ்.ஐ. உள்ளவர் கம்பெனியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. அவருக்கு எல்லாமே விபத்து அறிக்கையில்தான் இருக்கிறது. அது சரியாகப் போனால் சிகிச்சைக் காலத்தில் 90 சதவீதச் சம்பளம், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உரிமை உண்டு. ‘ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் அத்தனையும் போச்சு. ஆகவே அறிக்கையின் நகல் அன்றே தொழிலாளியின் கைக்கு வர வேண்டும்.

‘வேறு லைட் வேலை போட்டுத் தருகிறோம்’ என்ற வாய்வார்த்தையை நம்பிக் கோரிக்கையை விடாதீர்கள். 2010 அக்டோபர் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். நான்கே ஆண்டில், 2014 நவம்பரில், அந்த ஆலையே உற்பத்தியை நிறுத்தியது. அப்படி ஆலை போய்விட்டால் லைட் வேலை எங்கே இருக்கும்?

‘சென்சாரை நீதானே பைபாஸ் செய்தாய்’ என்ற பழியையும் ஏற்க மாட்டோம். தொழிலாளி தானாக, வேண்டுமென்றே பாதுகாப்புக் கருவியை அகற்றியதாக நிரூபித்தால்தான் கம்பெனி அந்த வாதத்தை வைக்கலாம். உயிர் போனாலோ முழு நிரந்தர ஊனமானாலோ அதுவும் எடுபடாது. ஒரு மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்து, சென்சாரோடு ஓட்டினால் எட்டாது என்று தெரிந்தே சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொள்வது யார் குற்றம்?

கான்ட்ராக்ட் ஆள் என்று முதன்மை நிறுவனம் கைகழுவ முடியாது. அப்ரண்டிஸுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. ஆனால் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 16ஆம் பிரிவு இழப்பீட்டுப் பொறுப்பை நிறுவனத்தின் மேல்தான் வைத்திருக்கிறது. டிரெய்னிகளைப் பிரஸ்ஸில் நிறுத்தும் ஆலைகள் இதை அறியாதவை அல்ல.

இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஊருக்குத் திரும்பியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். தொழிலாளர் துறை இதை இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு ஆலை வாசலிலும் விடுதியிலும் எழுதி ஒட்ட வேண்டும்.